மலைக்களத்தில் 800 மீட்டரில் குண்டு 70 செ.மீ. மேலே போகிறது: பிழை அழுத்தத்திலா, காற்றிலா, வேகத்திலா?

முகடுதேடி

அனைவருக்கும் வணக்கம். சமவெளிக் களங்களில் மூன்று ஆண்டுகளாக இரும்புத் தகட்டு இலக்குகளைச் சுட்டுப் பழகிய நான், சென்ற மாதம்தான் முதன்முறையாக மலைக்களம் ஒன்றில் சுட்டேன். களத்தின் உயரம் 2400 மீட்டர். காலையில் வெப்பநிலை 6 டிகிரி. துப்பாக்கி 6.5 கிரீட்மோர் தோட்டா வகை, குண்டு காற்றின் இழுவையை எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டும் ஜி7 கெழு 0.315, குழல்வாய் வேகம் (குழலைவிட்டு வெளியேறும் வேகம்) நொடிக்கு 825 மீட்டர். இந்த வேகம் பெட்டியில் அச்சிட்டிருந்ததன்று. அதே காலையில், அதே இடத்தில், குண்டின் வேகத்தை அளக்கும் க்ரோனோகிராஃப் வைத்துப் பத்துத் தோட்டாக்களைச் சுட்டு எடுத்த சராசரி. 100 மீட்டர் ஜீரோவையும், அதாவது அந்தத் தூரத்தில் குறிவைத்த இடத்திலேயே குண்டு விழுகிறதா என்பதையும், அங்கேயே சரிபார்த்துக்கொண்டேன். மாற்றம் ஏதும் தேவைப்படவில்லை.

குண்டின் பாதையைக் கணக்கிடும் கைப்பேசிச் செயலியில் உயரம் 2400 மீட்டர், வெப்பநிலை 6 டிகிரி, வானிலைச் செய்தியில் அந்த மலைப்பகுதிக்குக் காட்டிய காற்றழுத்தம் 1016 ஹெக்டோபாஸ்கல் ஆகியவற்றை உள்ளிட்டு, செயலி சொன்ன அளவுக்கு ஸ்கோப்பின் உயரத் திருகைத் திருப்பி 800 மீட்டரில் சுட்டபோது, ஐந்து குண்டுகளும் நெருக்கமாகவே விழுந்தன; ஆனால் இலக்கின் மையத்துக்கு ஏறத்தாழ 70 செ.மீ. மேலே, தகட்டுக்குப் பின்னிருந்த மண்மேட்டில் விழுந்தன. புழுதி எழுந்த இடத்தை ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் நண்பர் பார்த்துச் சொன்னதால், அளவில் பெரிய பிழை இருக்க வாய்ப்பில்லை.

இதன்பின் நான் செய்ததுதான் என்னைக் குழப்பத்தில் ஆழ்த்தியது. விழுந்த இடத்தைக் கொடுத்தால் குழல்வாய் வேகத்தைத் தானே திருத்திக்கொள்ளும் வசதி செயலியில் இருக்கிறது. 70 செ.மீ. என்று கொடுத்தவுடன் அது வேகத்தை 870 என்று மாற்றிவிட்டது. அடுத்த ஐந்து குண்டுகளும் 800 மீட்டரில் மையத்தில் பட்டன. மகிழ்ச்சியோடு 600 மீட்டர் தகட்டுக்குத் திரும்பினால் 7 செ.மீ. தாழ விழுகிறது, 400 மீட்டரில் 5 செ.மீ. தாழ விழுகிறது. க்ரோனோகிராஃப் 825 என்கிறது, செயலி 870 என்கிறது, இரண்டில் எதை நம்புவது? மலையில் காற்று மெலிந்திருக்கும் என்பதால் குண்டு குறைவாகவே தாழும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதற்காகத்தானே உயரத்தை உள்ளிட்டேன்?

சாரல்

வணக்கம் முகடுதேடி. மலைச்சரிவில் வெயில் ஏறத் தொடங்கியதும் காற்று சரிவை ஒட்டி மேல்நோக்கி எழும். குறுக்கே வீசும் காற்று குண்டை எப்படிப் பக்கவாட்டில் தள்ளுகிறதோ, அதே கணக்கில்தான் மேலெழும் காற்றும் அதை மேலே தள்ளும். பலர் இதை எண்ணிப் பார்ப்பதே இல்லை. உங்கள் துப்பாக்கிக்கு, அந்த உயரத்தில், 800 மீட்டர் முழுவதும் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் காற்று செங்குத்தாக எழுந்தாலே 21 செ.மீ. மேலே போகும், 3 மீட்டர் எழுந்தால் 64 செ.மீ. ஆகிவிடும். நீங்கள் சொல்லும் அளவுக்கு அது மிக அருகில் இருக்கிறது. இடையில் பள்ளத்தாக்கு இருந்ததா? வெயில் எந்தச் சரிவில் விழுந்தது? இலக்கு உங்களுக்குக் கீழே எத்தனை பாகையில் இருந்தது என்பதையும் சொல்லுங்கள். மேல்நோக்கிச் சுட்டாலும் கீழ்நோக்கிச் சுட்டாலும், சாய்வைக் கணக்கில் கொள்ளாவிட்டால் குண்டு உயரத்தான் விழும்.

முகடுதேடி

நன்றி சாரல். லேசர் தூரமானி 4 பாகைச் சரிவு காட்டியது. செயலியிலும் அதை உள்ளிட்டிருந்தேன். இடையில் ஆழமான பள்ளம் ஒன்று இருக்கிறது. ஆனால் சுட்ட நேரம் காலை ஏழு மணிக்கு முன். எங்கள் சரிவில் இன்னும் வெயில் படவில்லை, புல் நுனிகூட அசையவில்லை.

பழைய க்ரோனோ

முகடுதேடி அவர்களுக்கு, வேகத்தைத் திருத்துவதற்கு முன் 400, 600 மீட்டர்களில் சுட்டிருந்தீர்களா? சுட்டிருந்தால் எவ்வளவு மேலே விழுந்தது என்பதைச் சொல்லுங்கள். ஒரே தூரத்தில் கிடைத்த ஒரே எண்ணை வைத்துக்கொண்டு காரணம் தேடினால், சாரல் சொல்வதும் பொருந்தும், செயலி சொல்வதும் பொருந்தும், நான் சொல்லப்போவதும் பொருந்தும்.

முகடுதேடி

சுட்டேன் ஐயா. குறிப்பேட்டில் இருக்கிறது. ஐந்து குண்டுகளின் நடுப்புள்ளியைக் கணக்கிட்டால் 400 மீட்டரில் 7 செ.மீ., 600 மீட்டரில் 26 செ.மீ., 800 மீட்டரில் 68 செ.மீ. மேலே. 400 மீட்டரில் விழுந்ததைப் பெரிதாக எண்ணாமல் விட்டுவிட்டேன்.

பழைய க்ரோனோ

அந்த மூன்று எண்களும் கிடைத்தபின் ஐயத்துக்கு அதிகம் இடமில்லை. உங்கள் செயலி கடல்மட்டக் காற்றில் சுடுவதாக எண்ணிக் கணக்குப் போட்டிருக்கிறது. அதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் பிழையின் அளவைவிட அது தூரத்தோடு எப்படி வளர்கிறது என்பதுதான் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்.

ஜீரோ நகர்ந்திருந்தால் பிழை தூரத்துக்கு நேர்விகிதத்தில் வளரும்: 400-இல் ஒரு பங்கு என்றால் 800-இல் இரண்டு பங்கு. குழல்வாய் வேகம் தவறாக இருந்தால், குண்டு தாழும் அளவோடு சேர்ந்து பிழையும் வளரும். உங்கள் துப்பாக்கியில் 400-இல் ஒரு பங்கு, 600-இல் 2.7 பங்கு, 800-இல் 5.4 பங்கு. மேலெழும் காற்று காரணமாக இருந்தால் ஒன்றுக்கு 2.4, பின்பு 4.4 என்று வளரும். ஆனால் காற்றின் அடர்த்தியைத் தவறாகக் கொண்டால் பிழை தொடக்கத்தில் கண்ணுக்கே தெரியாது. பிறகு விரைந்து வளரும். ஏனென்றால் இழுவை முதலில் குண்டின் வேகத்தைக் குறைக்க வேண்டும். அந்த வேகக்குறைவு பறக்கும் நேரமாகச் சேர வேண்டும். அந்த நேரம்தான் தாழ்வாக மாற வேண்டும். உங்கள் எண்களை வைத்துக் கணக்கிட்டால் அடர்த்திப் பிழை 400-இல் 6 செ.மீ., 600-இல் 25 செ.மீ., 800-இல் 69 செ.மீ. வருகிறது. நீங்கள் குறிப்பேட்டில் எழுதியிருப்பது 7, 26, 68. வேகப்பிழையாக இருந்திருந்தால், 800-இல் 68 விழும்போது 400-இல் 13 செ.மீ.யும், மேலெழும் காற்றாக இருந்திருந்தால் 15 செ.மீ.க்குச் சற்றுக் கூடுதலாகவும் விழுந்திருக்க வேண்டும்.

அடர்த்தி எப்படித் தவறியது என்பதற்கு விடை அந்த 1016-இல் இருக்கிறது. வானிலை நிலையங்கள் அறிவிக்கும் அழுத்தம் அந்த இடத்தில் உள்ள அழுத்தமன்று. வெவ்வேறு உயரங்களில் இருக்கும் ஊர்களை ஒரே வரைபடத்தில் ஒப்பிடுவதற்காக, எல்லா அளவுகளையும் கடல்மட்டத்தில் இருந்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவாக மாற்றி வெளியிடுகிறார்கள். குண்டுக்கு அந்த மாற்றம் தெரியாது. அது இடிக்கும் காற்றின் உண்மையான அழுத்தம் 2400 மீட்டரில் 756 ஹெக்டோபாஸ்கல் அளவில்தான் இருக்கும். பெரும்பாலான செயலிகளில் அழுத்தம் உள்ளிடும் கட்டத்துக்கு அருகிலேயே, அது 'அவ்விடத்து அழுத்தம்' ஆ, 'கடல்மட்ட அழுத்தம்' ஆ என்று தேர்ந்தெடுக்கும் பொத்தான் ஒன்று இருக்கும். முதலாவதைத் தேர்ந்தெடுத்துவிட்டால், நீங்கள் எந்த உயரத்தை உள்ளிட்டாலும் செயலி அதைப் பொருட்படுத்தாது. அழுத்தத்தை நேரடியாகக் கொடுத்தபின் உயரம் அதற்கு எதற்கு? எனவே உங்கள் 2400 அங்கே அலங்காரமாக நின்றிருக்கிறது. கணக்கு 6 டிகிரியும் 1016 ஹெக்டோபாஸ்கலும் கொண்ட காற்றில் நடந்திருக்கிறது. அந்தக் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.27 கிலோகிராம், நீங்கள் சுட்ட காற்றின் அடர்த்தி 0.94 கிலோகிராம். மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான வேறுபாடு.

இதன் மறுபக்கத் தவறும் உண்டு. அதைச் செய்தவன் நான். கையிலிருந்த கெஸ்ட்ரல் என்னும் சிறு வானிலைக் கருவி காட்டிய உண்மையான அழுத்தத்தை, கடல்மட்ட அழுத்தம் கேட்ட கட்டத்தில் இட்டு, உயரத்தையும் கொடுத்தேன். செயலி ஏற்கெனவே மெலிந்த காற்றை இன்னொரு முறை மெலிதாக்கியது. குண்டுகள் ஒரு மீட்டர் தாழ விழுந்து புல்லைக் கிளறின. அன்று முழுவதும் ஸ்கோப்பின் பிடிகளைத் தளர்த்துவதும் இறுக்குவதுமாகவே பொழுது போயிற்று.

இனி, வேகத்தை 870 ஆக்கியபோது நடந்ததைப் பாருங்கள். அடர்த்தியில் இருந்த பிழையை வேகத்தின் தலையில் கட்டினீர்கள். இரண்டு பிழைகளும் வளரும் விதம் வேறு என்பதால், அவை 800 மீட்டரில் மட்டும் ஒன்றையொன்று ஈடுசெய்தன; அதற்கு இப்பால் தாழவும், அப்பால் சென்றிருந்தால் உயரவும் விழுந்திருக்கும். க்ரோனோகிராஃபை நம்புங்கள். ஒரு நல்ல க்ரோனோகிராஃப் நொடிக்கு 45 மீட்டர் பிழை காட்டாது. செயலியின் அந்தத் திருத்தும் வசதி பயனற்றது என்று சொல்லவில்லை. காற்றைப் பற்றிய எல்லாத் தரவுகளும் சரியென்று உறுதியான பின்னரே அதைத் தொட வேண்டும், அப்போதும் அது நொடிக்கு 5 மீட்டருக்கு மேல் மாற்றச் சொன்னால் ஐயப்பட வேண்டும்.

உள்ளிட்ட எண் சரிதானா என்று மனத்திலேயே சோதித்துக்கொள்ள, 1000 மீட்டரில் ஏறத்தாழ 900, 2000 மீட்டரில் 795, 3000 மீட்டரில் 700 ஹெக்டோபாஸ்கல் என்று நினைவில் வைத்திருந்தால் போதும். மலையில் நின்றுகொண்டு ஆயிரத்தைத் தாண்டிய அழுத்தத்தை எந்தக் கருவி காட்டினாலும், அது மாற்றிச் சொல்லப்பட்ட அழுத்தமே.

சாரல்

எண்களைப் பார்த்தபின் என் ஊகத்தைத் திரும்பப் பெறுகிறேன். இருந்தாலும், அழுத்தத்தைச் சரிசெய்த கையோடு மலையில் எல்லாம் முடிந்துவிட்டது என்று முகடுதேடி எண்ணிவிடக் கூடாது என்பதற்காகக் காற்றைப் பற்றிச் சில வரிகள் எழுதுகிறேன். அழுத்தத்தை ஒருமுறை சரியாக அளந்தால் அன்று முழுவதும் பெரிதாக மாறாது. நாள் முழுவதும் 10 ஹெக்டோபாஸ்கல் ஏறி இறங்கினாலும் உங்கள் 800 மீட்டரில் அது 3 செ.மீ.க்குள் அடங்கிவிடும். ஈரப்பதம் அதைவிடச் சிறியது. ஈரக்காற்று கனமானது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் நீராவி உலர்ந்த காற்றைவிட இலேசானது, ஆகவே ஈரக்காற்றில் குண்டு இம்மியளவு உயரவே விழும். 20 டிகிரியில் ஈரப்பதம் 10 விழுக்காட்டிலிருந்து 90 விழுக்காட்டுக்குப் போனாலும் உங்களுக்கு 2 செ.மீ. வேறுபாடுதான். அதற்காகக் கவலைப்படும் நேரத்தில் எதிர்ச்சரிவில் இருக்கும் மரக்கிளைகளைப் பார்க்கலாம்.

மெலிந்த காற்று நமக்குச் செய்யும் உதவி ஒன்று உண்டு. குறுக்குக் காற்றால் குண்டு விலகும் அளவு, அது பறக்கும் மொத்த நேரத்தைப் பொறுத்ததன்று. வெற்றிடத்தில் பறந்திருந்தால் ஆகும் நேரத்தைவிட எவ்வளவு தாமதமாகிறதோ, அந்தத் தாமதத்தைப் பொறுத்தது. காற்றின் வேகத்தை அந்தத் தாமத நொடிகளால் பெருக்கினால் விலகல் கிடைத்துவிடும். உங்கள் குண்டுக்கு 800 மீட்டரில் கடல்மட்டத்தில் தாமதம் 0.30 நொடி, 2400 மீட்டர் உயரத்தில் 0.21 நொடி. நொடிக்கு 4 மீட்டர் குறுக்குக் காற்றில் அங்கே 120 செ.மீ. விலகும் குண்டு, மேலே 86 செ.மீ. மட்டுமே விலகுகிறது. ஆனால் இந்தச் சலுகையை மலைக்காற்றே திரும்பப் பறித்துக்கொள்ளும். சமவெளியில் உங்கள் அருகில் வீசும் காற்றும் இலக்கருகில் வீசும் காற்றும் பெரும்பாலும் ஒரே குடும்பம். மலையிலோ நீங்கள் ஒரு பாறையின் மறைவில் படுத்திருப்பீர்கள், கையிலுள்ள காற்றுமானி சுழலவே சுழலாது. ஐம்பதடி தள்ளிக் குண்டு பள்ளத்துக்கு மேல் நுழைந்தவுடன், பள்ளத்தின் வழியே ஓடிவரும் காற்று அதைப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளும். அங்கே தரை நூறு மீட்டர் கீழே கிடப்பதால், புல்லும் இல்லை, புழுதியும் இல்லை. கண்ணுக்கு எந்தத் தடயமும் கிடைக்காது.

ஒரே வலிமையுள்ள காற்றாக இருந்தால், குழல்வாய்க்கு அருகில் வீசுவதற்கே செல்வாக்கு அதிகம்; தொடக்கத்தில் விழுந்த சிறு கோணம் கடைசிவரை கூடவே போகும் என்பதே காரணம். மலையில் அந்த விதியை மட்டும் நம்பி அருகிலுள்ள காற்றை அளந்து சுட்டவர்கள் ஏமாறுவார்கள், ஏனெனில் நடுவில் வீசும் காற்று அருகில் வீசுவதைப்போல மூன்று மடங்கு இருக்கக்கூடும். நான் கடைப்பிடிக்கும் வழி மிக எளிது. ஸ்பாட்டிங் ஸ்கோப்பை இலக்கில் கூர்மைப்படுத்தாமல், பாதித் தூரத்துக்குச் சற்று முன்பாகக் கூர்மைப்படுத்தி, கானல் (வெப்பத்தால் காற்றில் தெரியும் நடுக்கம்) எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஒரு நிமிடம் பார்ப்பேன். கானல் நேரே மேலே கொதிப்பதுபோல் தெரிந்தால் குறுக்குக் காற்று இல்லை, அல்லது இப்போதுதான் திசை மாறுகிறது. அந்த நேரத்தில் சுடாமல் காத்திருப்பது நல்லது. கானல் தெரியாத குளிர்ந்த காலைகளில் எதிர்ச்சரிவின் புல், மூடுபனித் துண்டுகளின் ஓட்டம், வட்டமிடும் பருந்து ஆகியவைதான் துணை. சிறகடிக்காமல் ஒரு பருந்து அதே இடத்தில் உயர்ந்துகொண்டே போகிறதென்றால், அங்கே காற்று மேலே எழுகிறது. எனக்கு அதைவிடத் தெளிவான கருவி இதுவரை கிடைக்கவில்லை.

நேரத்தையும் கவனியுங்கள். வெயில் பட்ட சரிவில் காற்று மேலேறும். இரவில் குளிர்ந்து கனத்து, அதே சரிவில் கீழே வழியும். இரண்டுக்கும் இடையில், சூரியன் எழுந்த சிறிது நேரத்திலும் சாயுங்காலத்திலும், ஓர் அமைதி கிடைக்கும். நீங்கள் ஏழு மணிக்கு முன் சுட்டது அந்த அமைதியில்தான் என்று நினைக்கிறேன். அதனால்தான் உங்கள் மூன்று எண்களும் இவ்வளவு சுத்தமாக வந்திருக்கின்றன. கிழக்கு நோக்கிய சரிவு முதலில் சூடேறுவதால், காலை ஒன்பது மணியளவில் பள்ளத்தின் ஒரு கரையில் காற்று ஏறிக்கொண்டும் மறு கரையில் இறங்கிக்கொண்டும் இருப்பதைக் கண்டிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. குண்டை வலப்புறமாகச் சுழற்றும் குழலில், வலமிருந்து வீசும் காற்று குண்டை இடப்பக்கம் தள்ளுவதோடு சற்று மேலேயும் எழுப்பும். இடமிருந்து வீசினால் சற்றுத் தாழ்த்தும். நொடிக்கு 4 மீட்டர் காற்றில் இது 0.1 மில் (தூரத்தின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு), அதாவது ஸ்கோப் திருகின் ஒரு படியான ஒரு க்ளிக் அளவுக்கு வரும். காற்றடிக்கும் நாளில் உயரத்தில் ஒரு க்ளிக் முன்பின்னாக விழுந்தால், உடனே அழுத்தத்தைச் சந்தேகிக்க வேண்டாம்.

குறிப்பேடு

இரண்டு பதில்களுக்கும் சிறு சேர்க்கை. கருவியை வைத்து அளப்பவர்கள் அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தவுடன் காட்டும் வெப்பநிலையை எழுதிக்கொள்கிறார்கள். அது மலையின் வெப்பநிலையன்று, உங்கள் மார்பின் வெப்பநிலை. நிழலில், காற்றோட்டத்தில், சில நிமிடங்கள் பிடித்திருந்து எண் நகராமல் நின்றபின் எழுதுங்கள்.

குளிரில் கைப்பேசியின் மின்கலம் சட்டென்று இறங்கிவிடும் என்பதால் நான் ஓர் அட்டையையும் வைத்திருக்கிறேன். அதில் அழுத்தமும் வெப்பநிலையும் தனித்தனியாக இல்லை. இரண்டையும் ஒன்றாக்கிய 'அடர்த்தி உயரம்' மட்டுமே தலைப்புகளாக இருக்கும், 500 மீட்டருக்கு ஒரு பத்தி. அழுத்தத்துக்கு உரிய உயரத்தை எடுத்துக்கொண்டு, அந்த உயரத்துக்கு இயல்பான வெப்பநிலையைவிட ஒவ்வொரு டிகிரி கூடுதலுக்கும் 36 மீட்டரைக் கூட்டினால் அது கிடைக்கும். 2400 மீட்டரின் இயல்பு வெப்பநிலை பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே, −0.6 டிகிரி. முகடுதேடியின் காலை 6 டிகிரியில் அடர்த்தி உயரம் 2640 மீட்டர். பிற்பகலில் 20 டிகிரி ஆனால் 3140 மீட்டர். இருந்த இடத்திலிருந்து அசையாமலே நண்பர் 500 மீட்டர் ஏறியிருப்பார், அட்டையில் ஒரு பத்தி தள்ளிப் படிக்க வேண்டும்.

களப் பொறுப்பாளர்கள் படித்தால் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மெலிந்த காற்றில் தவறிய குண்டு சமவெளியைவிட நெடுந்தொலைவு போகும். சமவெளிக்கு வகுத்த ஆபத்து எல்லையை அப்படியே மலைக்குக் கொண்டுவர வேண்டாம். இலக்குக்குப் பின்னால் மண்மேடு இல்லாமல், வானம் தெரியும் முகட்டில் தகடு தொங்கினால், அதைச் சுட மறுக்கும் உரிமை சுடுபவருக்கு உண்டு.

முகடுதேடி

மூவருக்கும் நன்றி. நேற்று மீண்டும் சென்றுவந்தேன். செயலியைத் திறந்து பார்த்தபோது பழைய க்ரோனோ ஐயா சொன்ன பொத்தான் 'அவ்விடத்து அழுத்தம்' என்றே இருந்தது; கைப்பேசித் திரையின் ஓரத்தில், சாம்பல் நிறச் சிறு எழுத்தில். நண்பரின் கெஸ்ட்ரல் கருவியில் ஒப்பீட்டு உயரத்தைப் பூச்சியமாக வைத்து, அதாவது கடல்மட்டத்துக்கு மாற்றாமல், அளந்தபோது 758 காட்டியது. வேகத்தை 825-க்குத் திருப்பி, 758-ஐ இட்டுச் சுட்டேன். காலையில் 400, 600, 800 மூன்றிலும் தகட்டின் மையத்துக்கு இரண்டு க்ளிக்குகளுக்குள் விழுந்தது. அந்த மிச்சம் என் கையின் குறை என்றே கொள்கிறேன்.

பிற்பகலில் மறுபடியும் சிறிய சிக்கல். வெப்பநிலை 20 டிகிரியைத் தொட்டிருந்தது. செயலியில் காலையில் இட்ட 6 டிகிரியை மாற்ற மறந்துவிட்டேன். 800 மீட்டரில் 18 செ.மீ. மேலே போயிற்று. தவறு தெரிந்து வெப்பநிலையை 20 என்று மாற்றியும், செயலி ஒரு க்ளிக்கை மட்டுமே குறைத்தது. இன்னும் 11 செ.மீ. மிச்சமிருந்தது. காற்று வீசியது, ஆனால் பெரும்பாலும் எதிரிலிருந்து. இந்த 11 எங்கிருந்து வருகிறது?

பழைய க்ரோனோ

அது வெடிமருந்தின் வெப்பம். 14 டிகிரி ஏற்றத்தால் காற்று ஏறத்தாழ 5 விழுக்காடு மெலிகிறது. ஆனால் சூடான காற்றில் ஒலியின் வேகமும் கூடுவதால், குண்டின் மாக் எண் (ஒலியின் வேகத்தைப்போல் எத்தனை மடங்கு என்பது) சற்றுக் குறைந்து, இழுவைக் கெழு சற்று ஏறி, அந்த மெலிவில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகிறது. எஞ்சியது 7 செ.மீ. அந்த ஒரு க்ளிக்கைத்தான் செயலி கொடுத்திருக்கிறது. மிச்சமுள்ள 11 செ.மீ.க்குக் குழல்வாய் வேகம் நொடிக்கு 8 மீட்டர் கூடியிருந்தால் போதும்; அதாவது டிகிரிக்கு 0.6 மீட்டர். வெப்பத்துக்கு எளிதில் அசையும் மருந்துகளில் இது வழக்கமான அளவுதான். 800 மீட்டர்வரை, வெப்பநிலை காற்றின் வழியாகச் செய்வதைவிட மருந்தின் வழியாகச் செய்வதே அதிகம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. செயலியில் இதற்கென்று ஒரு பட்டியல் இருக்கும், வெப்பநிலைக்கு எதிரே வேகம். நீங்கள் அதை வெறுமையாக விட்டிருப்பீர்கள்.

அடுத்தமுறை பத்துத் தோட்டாக்களைக் காலைக் குளிரிலும், அதே தொகுதியிலிருந்து இன்னொரு பத்தைப் பிற்பகல் நிழலிலும் க்ரோனோகிராஃப் முன் சுட்டு, இரண்டு சராசரிகளையும் அந்தப் பட்டியலில் இடுங்கள். வெப்பநிலை என்று நான் சொல்வது தோட்டாவின் வெப்பநிலையை. வெயிலில் கிடக்கும் பித்தளை, காற்றைவிடப் பல டிகிரி சூடாக இருக்கும். இருபது குண்டுகள் சுட்ட குழலின் அறையில் ஒரு தோட்டாவை ஏற்றிவிட்டுக் காற்று தணியட்டும் என்று இரண்டு நிமிடம் காத்திருந்தால் அது இன்னும் சூடாகும். தோட்டாப் பெட்டியை மூடி நிழலில் வையுங்கள். சுடுவதற்குத் தயாரான பின்னரே தோட்டாவை அறைக்குள் தள்ளுங்கள்.

முகடுதேடி

பெட்டி பாறையின் மேல் திறந்தபடிதான் இருந்தது, ஐயா. மதியம் முழுவதும் வெயிலில்.